தார்ப் பீப்பாயில் ஏழு பள்ளம்

எனக்கு இருபத்துநான்கு வயது நடந்தபோது மூன்று தப்புகளையும் ஓர் உறுமியையும் சிறை வைத்திருந்தேன். மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஸ்டோர் கிளார்க் நான். எழுபதுகளின் நடுப்பகுதி. உரமூட்டைக்கும் மருந்து பம்புக்கும் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்திகளுக்கும் இடையே, ஒரு பலகைத் தட்டில், அந்த நான்கு வாத்தியங்களும் குப்புறப் படுத்துக் கிடந்தன. சாவிக்கொத்து என் இடுப்பில். நடந்தால் கிணுகிணுக்கும். அந்தத் தோட்டத்தில் அப்போது அனுமதி பெற்ற ஒரே தாளம் அதுதான்.

அவை செய்த குற்றம் இது. பங்குனியில் மாரியம்மன் பொங்கலுக்காக லயனுக்குப் பக்கத்தில் ஒத்திகை நடந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் வீட்டு வரிசையைத்தான் லயன் என்போம். எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் முதலில் ஒருத்தியின் தோள் ஆடியது. அடுத்து ஒரு வரிசை ஆடியது. அப்புறம் சரிவே ஆடியது. கூடைகளை இறக்கிவைத்துவிட்டு ஆடினார்கள். மேகம் வந்து அவர்களை மூடிய பிறகும் மேகத்துக்குள்ளிருந்து குலவை வந்துகொண்டே இருந்தது. மத்தியானம் தராசில் கொழுந்து பாதிக்கும் கீழே நின்றது. தோட்டத்து மேனேஜரைத் துரை என்று சொல்வதுதான் அங்கே வழக்கம். எங்கள் துரைக்குக் கோட்டயம் பக்கம். கோபம் வந்தால் தமிழ் அவரைக் கைவிட்டுவிடும்; 'போதும்' என்பது மலையாளத்து 'மதி' ஆகிவிடும்.

"மதி, மதி! எல்லாம் கொண்டுபோயி ஸ்டோர்ல பூட்டு. இனி இவிடே கொட்டு வேண்டா!"

பூட்டினேன். வேறென்ன செய்ய.

சித்திரை முடிந்து வைகாசி பிறந்தது. ஒரு நாள் ஸ்டோர் ஜன்னலில் ஒரு முகம். தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து பறிக்கும் கை அவளுடையது. வாய் அதைவிட வேகம். சிறையிலிருந்த உறுமி அவளுடைய தாய்மாமனுடையது.

"ஸ்டோரய்யா, எங்க மாமன் உறுமி உள்ள சொகமா இருக்கா?"

"இருக்கும்மா."

"தண்ணி கிண்ணி குடுக்கிறீகளா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீக. வர்ற புதனுக்கு மூணாம் புதன் எனக்குக் கல்யாணம். மாப்ள வீடு வருசநாடு. அவுக வழக்கம் தெரியுமா? பொண்ணூர்க் கொட்டு எதுத்து வந்து கூப்புடாம மாப்ள வண்டிய விட்டுக் கால எறக்க மாட்டாக. மாப்ளயோட பெரியப்பா ஒருத்தரு இருக்காரு, தலப்பாக்கட்டு. ஒரு கல்யாணத்துல கொட்டு இல்லன்னு வண்டியத் திருப்பிக்கிட்டே போயிட்டாராம். அந்தப் பொண்ணு இன்னைக்கும் அவுக அப்பன் வீட்லதான் இருக்கு."

"மைக் செட்டு வச்சா?"

"லயன்ல கரண்டு ஏதுய்யா? அதுவும் போக, கொட்டுன்னா மனுசன் கை அடிக்கணுமாம். பொட்டி பாடுனா அவரு மதிக்க மாட்டாராம்."

சின்னமனூரிலிருந்து மேளம் கூட்டி வரவும் வழியில்லை. துரை செக்போஸ்ட்டில் சொல்லி வைத்திருந்தார். நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கு மட்டும் ஒரு காலை, ஒரே ஒரு காலை. துரை தேநீரை உறிஞ்சிக்கொண்டு, "இன்னிக்குக் கல்யாணம், நாளைக்குக் காதுகுத்து, மற்றன்னாள் என்ட கொழுந்து மேகத்துல டான்ஸ்" என்றார். கோப்பை சாஸரில் இறங்கியது. பேச்சு முடிந்தது. நான் சாவியைப் பிடித்துக்கொண்டு, அது கிணுகிணுக்காமல், வெளியே வந்தேன்.

அந்த வாரம்தான் பஸ்ஸில் வந்த தபால் பையில் எனக்கு ஒரு நீலக் கவர் இருந்தது.

எனக்கு ஒரு பேனா நண்பர் உண்டு. ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் கிடைத்தவர். கரீபியன் கடலில் டிரினிடாட் என்ற தீவில், கொக்கோத் தோட்டம் ஒன்றில், அவரும் ஸ்டோர் கிளார்க்! பூமியின் இந்தப் பக்கம் நான் மண்வெட்டி எண்ணும் நேரத்தில் அந்தப் பக்கம் அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் எண்ணும்போது நான் தூங்குவேன் என்ற நினைப்பே எனக்குத் தலைசுற்றலாக, சந்தோஷமாக இருக்கும். தப்புகளைப் பூட்டிய அன்று குற்ற உணர்ச்சியில் அவருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டிருந்தேன். பதில் பன்னிரண்டு பக்கம் வந்திருந்தது. முதல் வரியிலேயே மனிதர் சிரித்திருந்தார். உன் துரை எங்கள் பழைய துரைமாருக்குத் தம்பி முறை வேண்டும் என்று எழுதியிருந்தார்.

நின்ற இடத்தில் படித்தேன். நடந்துகொண்டு படித்தேன். தராசுக் கொட்டகையில் கொழுந்து நிறுக்கக் காத்திருந்த பெண்களுக்கு நடுவே போய், தேயிலைப் பெட்டி ஒன்றின் மேல் ஏறி நின்று, தமிழில் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் பொறுமை.

அவருடைய முன்னோர்களை ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கப்பலில் கொண்டுவந்து கரும்புத் தோட்டத்தில் விற்றிருக்கிறார்கள். வரும்போது கையில் ஒன்றும் இல்லை. ஆனால் கைக்குள் தாளம் இருந்தது. கிடைத்த மரத்தைக் குடைந்து, கிடைத்த தோலைக் கட்டி அடித்தார்கள். ஒருவர் கூப்பிட, கூட்டம் பதில் சொல்லும் பாட்டு. இந்த மேளம் மலைக்கு மலை பேசுகிறது, ஆளைக் கூட்டுகிறது என்று தோட்ட முதலாளிகளுக்கும் சர்க்காருக்கும் பயம். தோல் மேளத்துக்குத் தடை போட்டார்கள். அவர்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தினார்கள். அதற்கும் தடை வந்தது. பிஸ்கட் டின்னை அடித்தார்கள், குப்பைத் தொட்டி மூடியை அடித்தார்கள், கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயைப் பிடித்தார்கள். அதன் அடித்தகட்டைச் சுத்தியலால் குழித்து, குழிக்குள் சின்னச் சின்னப் பள்ளம் தட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சுரம் வரவைத்தார்கள். இன்று அந்தத் தீவுக்கே அதுதான் பெருமை.

"அங்கனயும் துரை, அங்கனயும் கங்காணி" என்றாள் கல்யாணப்பெண். "கொழுந்துக்குப் பதிலாக் கரும்பு. அம்புட்டுத்தான?"

கூட்டத்தின் ஓரத்தில் பீடியோடு நின்ற அவளுடைய மாமன் சொன்னார்: "இல்ல ஆத்தா. அவுகள வித்திருக்காக. நம்மள வையத்தான் செய்யுறாக."

பிறகு யாரோ, "மேல படிங்கய்யா" என்றார்கள்.

மேலே இன்னும் விநோதம். ஆப்பிரிக்கர்கள் வருவதற்கு முன்பே அந்தக் கடலின் வடக்குத் தீவுகளில் தைனோ என்ற மக்கள் இருந்தார்கள். ஸ்பெயின்காரர்கள் இறங்கிய பிறகு நோயிலும் சுரங்க வேலையிலும் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். மிஞ்சியவர்கள் மலைக்காட்டுக்குள் போனார்கள். தோட்டத்திலிருந்து தப்பி ஓடிய ஆப்பிரிக்கர்களும் அதே காட்டுக்குள் வந்து சேர்ந்தார்கள். தைனோக்களிடம் சுரைக்குடுக்கை இருந்தது. உள்ளே விதையைப் போட்டுக் குலுக்குவார்கள். முதுகில் கோடு கோடாகக் கீறிக் குச்சியால் உரசுவார்கள். இவர்களிடம் மேளம் இருந்தது. குடுக்கையும் மேளமும் சம்பந்தம் செய்துகொண்டன. அந்தக் கடலின் எல்லா ஆட்டப்பாட்டமும் அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகள்தான் என்று எழுதியிருந்தார் நண்பர்.

"மக்கள் போனாலும் அவர்கள் சொல் போகவில்லையாம்" என்று நான் பெட்டி மேல் நின்று கத்தினேன். "கொய்யாங்கிற பேரு அவுக வாயிலிருந்துதான் கப்பலேறி வந்துச்சாம். பெரிய புயலுக்கு அவுக வச்ச பேருதான் அரிக்கேன். நம்ம அரிக்கேன் விளக்கு இருக்குல்ல, புயல்லயும் அணையாதுன்னு வெள்ளைக்காரன் அதுக்கு வச்ச பேரு!"

"எங்க வீட்ல தொங்குதே, அந்த விளக்கா?" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"அதேதான்."

"அடியாத்தீ! யாரு எவருன்னே தெரியாம இத்தன வருசமா அதுல மண்ணெண்ண ஊத்திக்கிட்டு இருந்திருக்கோமே!"

சிரிப்பு கொட்டகைக் கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. கல்யாணப்பெண் மட்டும் கடிதத்தின் கடைசித் தாளை என் கையிலிருந்து பிடுங்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நண்பர் பென்சிலால் ஒரு படம் வரைந்திருந்தார். ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஆமை முதுகு போலக் கட்டங்கள்.

"ஸ்டோரய்யா, ஸ்டோருக்குப் பின்னாடி ஒரு தார்ப் பீப்பா துருப்பிடிச்சுக் கெடக்குல்ல?"

கிடந்தது. ரோடு போட என்று எப்போதோ வந்தது. ரோடு வரவில்லை.

"இந்தக் கூத்துக்கெல்லாம் நான் வரல" என்றார் மாமன். "தோல் இல்லாத கொட்டுக்கு உசுரு ஏது?"

"ஒம்ம உசுரு ஸ்டோர்ல கெடக்கு மாமா. எனக்கு இருக்கிறது பதினெட்டு நாளு."

ஃபேக்டரி ஃபிட்டரிடம் போனோம். உத்தமபாளையத்துக்காரர், எல்லோரும் பாய் என்று கூப்பிடுவோம். மெஷினோடு பேசுகிறவர், மனிதர்களோடு கொஞ்சம் குறைவு. பென்சில் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, வாணலியா?"

"வாத்தியம் பாய்."

"வாணலின்னாலாவது செய்யலாம்." கொஞ்ச நேரம் கழித்து, "பீப்பாய எப்பக் கொண்டாரீக?" என்றார்.

பீப்பாய்க்குள் அரைப் பீப்பாய் தார், கல்லாகச் செத்துக் கிடந்தது. அதை எடுக்காமல் தகட்டைக் குழிக்க முடியாது. பாய், வரமாட்டேன் என்றுவிட்டு விறகு சுமந்து வந்த மாமன், நான் மூவரும் ஃபேக்டரிக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்தோம். தேயிலைக்காரர்களுக்குத் தேயிலைதான் தெரியும். தார் எரியும்போது எவ்வளவு புகை வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியாது. வந்தது பாருங்கள் புகை! கன்னங்கரேலென்று எருமைக் கூட்டம் போலக் கிளம்பி, காற்றோடு திரும்பி, நேராகக் கொழுந்து உலர்த்தும் மாடிக்குள் புகுந்தது. யாரோ ஃபேக்டரி தீப்பிடித்துவிட்டது என்று சங்கை அழுத்திவிட்டார்கள். மலை முழுக்க ஊளை. சரிவுகளிலிருந்து பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள், லயனிலிருந்து வாளியோடு ஓடி வந்தார்கள், பள்ளிக்கூடமே ஓடி வந்தது. கடைசியில், பாம்பாம் என்று அடித்துக்கொண்டு, துரையின் ஜீப்.

"எந்தா இது? எந்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள், வாழ்நாளில் பொய் சொல்லி அறியாத பாய், முகமெல்லாம் கரியாக, அமைதியாகச் சொன்னார்: "தார் காச்சுறோம் சார். ரோட்டுக்கு."

துரையின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்த ரோட்டுக்காக ஒன்றரை வருஷமாக மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவர் அவர். யாரும் சொல்லாமலே தன் ஆட்கள் தாமாக இறங்கிவிட்டார்கள் என்று நம்பிவிட்டார். என் தோளில் தட்டினார். "குட்! குட்! அந்தக் கடைசி வளைவுல ஆரம்பிங்க. அவிடத்தான் என்ட முதுகு ஒடியுது."

ஆகவே ரோடு போட்டோம். வேறு வழி? சாயங்காலம் வரை தாரைச் சுமந்துபோய்த் தோட்டத்துக்கு நுழையும் கடைசி வளைவின் குழிகளில் ஊற்றினோம். ஜல்லி எவ்வளவு, தார் எவ்வளவு என்ற கணக்கு எங்களில் யாருக்கும் கிடையாது. ஜல்லியே கிடையாது. கனமாக, தாராளமாக, பாயசம் பரிமாறுவது போல ஊற்றினோம். காலையில் பார்த்தால் பளபளவென்று கண்ணாடி மாதிரி இறுகி இருந்தது. வெயில் ஏறினால் அல்வா.

பீப்பாய் காலியானது. அதன் பிறகு பத்து நாள் பாய் அதைக் குழித்தார். ஃபேக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலர் ஓடும் நேரத்தில் மட்டும். அந்த உறுமலில் இந்தச் சுத்தியல் கேட்காது. கவிழ்த்த பீப்பாயின் அடித்தகடு கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கி, தோசைக்கல்லாகி, வாணலியாகி, கிண்ணமானது. கழுத்தில் தொங்கவிட வாகாக, பீப்பாயின் உடம்பில் ஒரு சாண் மட்டும் விட்டு மிச்சத்தை அறுத்தெடுத்தார். ஓரத்தில் பெரிய பள்ளங்கள், நடுவில் சின்னவை. ஏழு பள்ளம் வந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சுரம் தம்பி?"

கடிதத்தைப் புரட்டினேன். பன்னிரண்டு பக்கத்திலும் சத்தம் இல்லை! காகிதத்தில் சத்தத்தை மடித்து அனுப்ப முடியாதே. அந்த வாத்தியத்தை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. எப்படி இருக்க வேண்டும் என்றே தெரியாத ஒரு குரலை எப்படித் தட்டி எடுப்பது?

"நமக்குத் தெரிஞ்சதத் தட்டுங்க பாய்" என்றாள் கல்யாணப்பெண்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடிவதில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், துரை பங்களாவுக்குப் போன பிறகு, லயனே வந்து பாயைச் சூழ்ந்துகொண்டது. எல்லோரும் ஆளுக்கொரு சத்தம் கொண்டுவந்தார்கள். பெரிய பள்ளத்துக்கு ஃபேக்டரிச் சங்கு என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. பாய் தட்டித் தட்டி அந்த ஊளையின் அடிவயிற்றைப் பிடித்துவிட்டார். அடுத்தது சின்னமனூர் பஸ் கியர் மாற்றும்போது முனகும் முனகல். அதற்கு இரண்டு நாள் ஆனது, இரண்டு சண்டையும் ஆனது. தராசுக் கொக்கி ஆடி நிற்கும் டிங். தூக்குவாளி மூடி. பனிக்குள் ஒருத்தி இன்னொருத்தியைத் தேடிக் கூப்பிடும் 'ஊய்'. அந்தப் பள்ளத்துக்காக நான்கு பெண்கள் பாயின் காதுக்குள் வரிசையாகக் கூவினார்கள். மாமன் தள்ளியே உட்கார்ந்திருந்தார். ஆறாவது பள்ளத்தைப் பாய் தட்டியபோது, "அது கொஞ்சம் கீழ எறங்கணும். உறுமி தொண்டைய அடைச்சுக்கிட்டு அழுகுமே, அந்த எடம்" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் பீடியைப் பற்றவைக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஏழாவது மிச்சம். நடுவில், எலுமிச்சம்பழ அளவு.

"இதுக்கு என்ன?" என்றேன்.

பாய் குனிந்து, சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். காதைத் தகட்டோடு வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார். பிறகு சைக்கிள் டியூப் சுற்றிய குச்சியால் அடித்துக் காட்டினார். பாம். எல்லோரும் ஒரே நேரத்தில் ரோட்டைப் பார்த்தோம். துரையின் ஜீப் ஹாரன்! அப்படியே!

"அந்த ஆரன நாலு தடவ கழட்டி மாட்டியிருக்கேன்" என்றார் பாய். "அதோட அழுகை எனக்குத் தெரியும்."

மற்றதெல்லாம் எளிது. மாமன் கீழ்க்காட்டுக்குப் போய் ஐந்து மூங்கில் வெட்டி வந்தார், ஐந்தும் ஐந்து நீளம். காய்ந்த சுரைக்குடுக்கைகளில் குன்றிமணியைப் போட்டுப் பெண்கள் குலுக்கினார்கள். ஒரு குடுக்கையின் முதுகில் நானே ரம்பத்தால் வரி கீறினேன். குச்சியை இழுத்தால் தவளை பேசியது.

முகூர்த்தம் பத்தரை மணி. மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே சின்னமனூர் வந்து தங்கி, காலையில் வாடகை ஜீப்பில் மலையேறினார்கள். ஒன்பதே முக்காலுக்குக் கடைசி வளைவில் ஜீப் நின்றது. நல்ல வெயில். மாப்பிள்ளை பட்டு வேட்டி, புதுச் செருப்பு. முன் ஸீட்டில் பெரியப்பா, தலைப்பாகையும் குடையும். அவர் ஓரத்துப் புல்லில் குடையை ஊன்றி இறங்கினார். மாப்பிள்ளை இறங்கவில்லை.

"கொட்டு எங்கய்யா?" என்றார் பெரியப்பா.

நாங்கள் மேட்டில் நின்றோம். பீப்பாய் மாமனின் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. அவர் கையில் குச்சிகள். அடிக்கவில்லை. நாற்பது வருஷம் தோலைத் தொட்ட கை அது; தகரத்தின் மேல் அந்தரத்தில் நின்றுவிட்டது. பெரியப்பா மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். டிரைவர் ஸ்டியரிங்கில் கை வைத்தான்.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு கல்யாணப்பெண் வந்துவிட்டாள். தாலி ஏறும் வரை மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாத பெண், முகூர்த்தச் சேலையும் பூவுமாக, கையில் சுரைக்குடுக்கையுடன்!

"மாமா, தகரத்த அடிக்கிறதா நெனைக்காதீரு. என்னக் கூப்புடுறதா நெனச்சு அடியும்."

குடுக்கையை ஒரு குலுக்குக் குலுக்கினாள். சரசரவென்று மழை தொடங்குவது போல ஒரு சத்தம். மாமன் கண்ணை மூடிக்கொண்டு ஆறாவது பள்ளத்தில் விழுந்தார்.

விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். உறுமி அழும் அந்த இடத்திலிருந்து சங்குக்குத் தாவி, தராசில் தொங்கி, பஸ்ஸில் முனகி, 'ஊய்' என்று கூப்பிட்டு, கைகள் அவரை இழுத்துக்கொண்டு ஓடின. மூங்கில்கள் தரையில் இடித்தன, மலை வயிற்றுக்குள் இடித்தது போல. என் தவளை பேசியது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரும் கேட்டிராத ஒரு சத்தம் அது. டிரினிடாட்காரர் கேட்டாலும் தலையைச் சொறிந்திருப்பார். ஆனால் அதன் ஒவ்வொரு துணுக்கும் எங்களுக்குத் தெரிந்தது.

பெரியப்பா குடையை உயர்த்தினார். "நிறுத்துங்க! இது எந்தூருக் கொட்டு?"

"எங்க சம்பந்தியூருக் கொட்டு!" என்று கத்தினாள் அவள். "கடல் தாண்டிச் சம்பந்தி!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கொட்டுன்னா கூப்புடணும். இது கூப்புடுதா, இல்ல கத்துதா?"

அவர் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முடிவெடுக்காத தலை. அப்போதுதான், வளைவுக்குக் கீழே இருந்து கேட்டது.

பாம் பாம்.

துரை! கீழே எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறார். மாப்பிள்ளை ஜீப் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். வேலை போயிற்று, கல்யாணமும் போயிற்று என்று நினைத்தேன்.

மாமன் நினைக்கவில்லை. ஒரு குரல் கூப்பிட்டால் பதில் சொல்லியே பழகிய கை. ஏழாவது பள்ளத்தில் இரண்டு தட்டு.

பாம் பாம்.

பெண்கள் குலவையிட்டார்கள்.

கீழே ஒரு கணம் அமைதி. பிறகு நீளமாக, கோபமாக ஒரு ஹாரன். மாமன் அதே நீளத்துக்குக் குச்சியை உருட்டினார். குலவை. மறுபடி அமைதி. துரை ஜீப்பிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனது தெரிந்தது. அப்புறம், மெதுவாக, சோதித்துப் பார்ப்பது போல, மூன்று சின்ன பாம். மூன்று பதில். இரண்டு குட்டையும் ஒரு நெட்டையும். இரண்டு குட்டையும் ஒரு நெட்டையும்! மூங்கில் அதைப் பிடித்துக்கொண்டது, குடுக்கை பிடித்துக்கொண்டது, இப்போது துரை அடிக்க அடிக்க மேடே ஆடியது. கோபத்தில் அடிக்கிறாரா குஷியில் அடிக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

பெரியப்பா குடையைத் தாழ்த்தினார்.

"யாரு அது?"

"தோட்டத்துத் துரை" என்றார் பாய்.

"துரையா? துரையே வந்து ஆரன் அடிச்சு எதுத்துக் கூப்புடுறாகளா?" பெரியப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "ஏலே, வருசநாட்டுல எவனுக்குலே இந்த மரியாத நடந்திருக்கு? மாப்ள, எறங்குய்யா! ரெண்டு காலையும் வச்சு எறங்கு!"

மாப்பிள்ளை இறங்கினார். இரண்டு காலையும் வைத்து இறங்கினார். நாங்கள் ஊற்றிய தாரின் மேல், பத்து மணி வெயிலில் அல்வாவாகியிருந்த அந்தத் தாரின் மேல். ஓர் அடி எடுத்து வைத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து இழுத்தார். மாப்பிள்ளைத் தோழன் இழுத்தான். டிரைவர் இறங்கி வந்து இழுத்தான். செருப்பு அசையவில்லை.

முதலில் சிரித்தது கல்யாணப்பெண். அப்புறம் மாப்பிள்ளை. ஒற்றைச் செருப்போடு, தாலி கட்டப் போகிற பெண்ணை எல்லோர் முன்னாலும் நேருக்கு நேர் பார்த்து அவர் சிரித்ததை யாரும் தடுக்கவில்லை.

"கால் செருப்ப இங்கன விட்டுட்டான்ல" என்றார் பெரியப்பா. "இனி இவன் இந்த ஊர்க்காரன்தான்."

மாப்பிள்ளை ஜீப் ஒதுங்கியதும் துரை பீப்பாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பங்களாவுக்கு ஓட்டிப் போனார். முகூர்த்தத்துக்கு நேரம் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. பீப்பாயையும் என்னையும் கொண்டுவரச் சொல்லி. மேஜை மேல் பீப்பாயை வைத்தேன். துரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"என்ட ஹாரன் எது?"

நடுவில் இருந்ததைக் காட்டினேன். பென்சிலைத் திருப்பிப் பிடித்து, ரப்பர் பக்கத்தால் ஒரு தட்டு. பாம். இன்னொரு தட்டு. கதவுக்கு வெளியே நின்ற பியூன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். துரை ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், கையை மட்டும் நீட்டினார்.

"சாவி தா. மத்யானம் பன்னிரண்டு வரை ஒரு கொட்டும் எனிக்குக் கேக்கக்கூடாது. அது கழிஞ்சு என்ன வேணா செய்." ஸ்டோர்ப் பூட்டை அவர் கையாலேயே திறந்துவிட்டு, சாவியை என்னிடம் திருப்பித் தந்தார்.

மாமன் உறுமியை வாங்க வந்தபோது அதைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார். "தம்பி, அந்தத் தகரத்தையும் குடுத்துருங்களேன். ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்." கொடுத்தேன். உறுமியும் பீப்பாயும் அவர் வீட்டுத் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன, மேலே அரிக்கேன் விளக்கு தொங்க.

நண்பருக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். அவருடைய பதிலில் முழுக்கக் கேள்விகள்: செருப்பு என்ன ஆனது, பஸ்ஸின் முனகல் எந்தப் பள்ளம், பெரியப்பாவின் தலைப்பாகை என்ன நிறம். செருப்பு ரோட்டிலேயே இருந்தது; அடுத்த மழையில் வார் போய், அடி மட்டும் தாரோடு தாராக நின்றது. அந்த வளைவுக்குச் செருப்பு வளைவு என்று பெயர் வந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வரும் சின்னமனூர் பஸ்ஸின் டிரைவருக்குக் கதை தெரிந்ததும், அங்கே வண்டி, மாடு, ஆள் எதுவும் எதிரில் இல்லாவிட்டாலும் ஹாரன் அடிக்கத் தொடங்கினார். அடித்துவிட்டு வண்டியை மெதுவாக்குவார். லயன் பக்கமிருந்து பாம் பாம் என்று பதில் வந்தால்தான் அடுத்த கியர்.